பத்து நிமிட நிறுத்தம்

இந்த ஆண்டு தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, மகன், மருமகள், பேரக்குழந்தைகள் இருவர், நாங்கள் இருவர் என ஆறு பேர் ஒரே காரில் சென்னையிலிருந்து கும்பகோணத்திற்குப் புறப்பட்டோம். மறுநாள் காலை குலதெய்வக் கோயிலில் சின்னவளுக்கு முடியிறக்க வேண்டும். அவளுக்கு மூன்று வயது. முதல் பிறந்தநாளை ஒட்டி இறக்கியிருக்க வேண்டிய முடி. ஒரு வருடம் மகனுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை, அடுத்த வருடம் மருமகளுக்கு வேலை மாறியது. முடி இதையெல்லாம் பொருட்படுத்தாமல் வளர்ந்து தோளைத் தொட்டுவிட்டது. பெரியவனுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. ஒரு கேள்விக்கு விடை சொன்னால் அந்த விடையிலிருந்தே அடுத்த கேள்வியை எடுக்கத் தெரிந்தவன்.

விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் பதினொன்றரைக்குக் கும்பகோணம், பகலுணவு உறவினர் வீட்டில் என்பது மகன் போட்ட கணக்கு. வழியில் சிற்றுண்டிக்கு ஒரே ஒரு நிறுத்தம். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் ஒரு காலத்தில் இப்படிக் கணக்குப் போட்டவர்கள்தாம். திண்டிவனத்திற்கு முன்பே முதல் நிறுத்தம் வந்துவிட்டது. பண்ருட்டியில் இட்லிக்காக ஒன்று. சேத்தியாத்தோப்பில் அந்த இட்லி சின்னவளின் வயிற்றிலிருந்து வெளியே வந்ததனால் இன்னொன்று. அதன் பிறகு காருக்குள் எல்லோருடைய முகத்திலும் ஒரு கடுமை. மருமகள் ஈரத்துணியால் இருக்கையைத் துடைத்தபடி, "இனிமே கும்பகோணம் வரைக்கும் யாரும் எதுவும் சாப்பிட வேண்டாம்" என்றாள். அது எங்களுக்கும் சேர்த்துத்தான் என்று புரிந்துகொண்டு, கையிலிருந்த முறுக்குப் பொட்டலத்தை மூடி வைத்தோம்.

சேத்தியாத்தோப்பிலிருந்து நேர் சாலையில் போகாமல் வீராணம் ஏரிக்கரை வழியாக, லால்பேட்டை, காட்டுமன்னார்கோயில் என்று சுற்றிப் போகலாம் என நாங்கள்தாம் கேட்டோம். தை மாதத்து ஏரியைப் பார்க்காமல் போக மனமில்லை. வலப்புறம் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். இடப்புறம் பள்ளத்தில் வயல்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், அவன் மகன் ராஜாதித்தன் வெட்டுவித்ததாகச் சொல்லப்படும் ஏரி. கல்கியின் வந்தியத்தேவன் குதிரையில் அறிமுகமாவது இந்தக் கரையில்தான். எங்களில் ஒருவர் முப்பத்தோராண்டுகள் அன்றைய பொதுப்பணித்துறையில் பொறியாளராக இருந்தவர். அவருக்கு வந்தியத்தேவனை விட நீர்மட்டம் முக்கியம். "நாற்பத்தேழரை அடி. நெறஞ்சிருக்கு" என்று கண்ணாடிக்கு வெளியே பார்த்துச் சொன்னார். மற்றவர் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வந்தியத்தேவனைப் பற்றிப் பெரியவனிடம் சொல்லத் தொடங்கியிருந்தார். பெரியவன் கேட்டது: "அந்தக் குதிரைக்குப் பேர் என்ன பாட்டி?"

இந்த ஏரியின் தண்ணீர்தான் 2004 முதல் குழாய் வழியாகச் சென்னைக்கு வருகிறது என்பதைத் தாத்தா சொன்னபோதுதான் அவன் முதன்முறையாக வெளியே எட்டிப் பார்த்தான். சுமார் 230 கிலோமீட்டர். நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் வரை கொண்டுசெல்லும் திட்டம் அது. எங்கள் வயதுக்காரர்களுக்கு வீராணம் என்றவுடன் நினைவுக்கு வருவது வேறு. முந்தைய திட்டம் பாதியில் நின்றுபோய், ராட்சதக் குழாய்கள் வருடக்கணக்கில் சாலையோரம் கிடந்தன. வீடற்றவர்கள் அவற்றுக்குள் குடும்பம் நடத்தினார்கள். "நம்ம வீட்டுக் குழாய்ல இதுவா வருது?" என்று அவன் கேட்டான். எல்லா ஏரிகளின் நீரும் கலந்துதான் வரும், இதுவும் அதில் உண்டு என்றோம். அவனுக்கு அது போதுமானதாக இருந்தது. தங்கையிடம் ஏரியைக் காட்டி, "இது நம்ம தண்ணி" என்றான்.

மீன்சுருட்டியை நெருங்கும்போது சின்னவள் அந்தச் சொல்லைச் சொன்னாள். மூன்று வயதுக் குழந்தை "ஒண்ணுக்கு" என்று சொன்னால், அதற்குப் பிறகு அதிகபட்சம் ஐந்து நிமிடம் என்பது எந்தப் பொறியாளரும் மாற்ற முடியாத கணக்கு. அணைக்கரைப் பக்கம் திரும்ப வேண்டிய மகன், ஜெயங்கொண்டம் சாலையில் வண்டியைத் திருப்பினான். சற்றுத் தொலைவில் கங்கைகொண்ட சோழபுரம். "கோயில் பக்கத்துல கழிப்பறை இருக்கும். பத்தே நிமிஷம். இறங்கறோம், முடிக்கறோம், கிளம்பறோம். யாரும் உள்ள போகப் போறதில்ல. அப்பா, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்" என்றான். மணி அப்போது பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருந்தது.

கழிப்பறை வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்தது. வெளியே வந்த சின்னவள் விமானத்தைப் பார்த்தாள், அதன் முன்னாலிருந்த நந்தியைப் பார்த்தாள், "மாடு!" என்று கூவிக்கொண்டு ஓடினாள். அண்ணன் அவளைப் பிடிக்க ஓடினான். மருமகள் இருவரையும் பிடிக்க ஓடினாள். மகன் காலணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு பின்னால் வந்தான். ஒரு குடும்பம் உலகப் பாரம்பரியச் சின்னம் ஒன்றுக்குள் நுழைவதற்கு இது ஒன்றும் மோசமான வழியில்லை.

இந்த ஊர் எங்களுக்குப் புதிதன்று. 1980களில் நான்கு ஆண்டுகள் நாங்கள் அணைக்கரையில் இருந்தோம். எங்களில் பொறியாளருக்குக் கீழணைப் பிரிவில் வேலை. கொள்ளிடம் அங்கே இரண்டு கிளையாகப் பிரிந்து ஓடும். நடுவிலிருக்கும் திட்டில் அலுவலர் குடியிருப்பு. எங்கள் மகன் நடை பழகியது அந்தத் திட்டில்தான். விருந்தினர் யார் வந்தாலும் பேருந்து ஏற்றி இந்தக் கோயிலுக்கு அழைத்து வருவோம். அப்போது இன்றைய அளவுக்குப் புல்வெளியோ பாதையோ சீராக இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு 1987-இல் கிடைத்த யுனெஸ்கோ ஏற்பு, இதற்கும் தாராசுரத்துக்கும் 2004-இல்தான் கிடைத்தது. ஆள் நடமாட்டமில்லாத அந்தப் பெரிய வெளியில், இத்தனை உயரமான ஒன்று தனியாக நிற்பதைக் காணும்போது சற்று அச்சமாகவே இருக்கும்.

முதலில் நந்தி. பெரியவன் தொட்டுப் பார்க்க எம்பினான். தஞ்சாவூர் நந்தி ஒரே கல். இது செங்கல்லும் சுண்ணாம்பும் என்று சொன்னோம். "ஏன், கல்லு தீர்ந்துபோச்சா?" என்றான். சிரித்தோம். அந்தக் கேள்வி எங்கே போய் நிற்கும் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

தஞ்சாவூர் கோயில் பெரிதா, இது பெரிதா என்பது அடுத்தது. தஞ்சாவூர்தான் உயரம்; அது அப்பா ராஜராஜன் கட்டியது, இது மகன் ராஜேந்திரன் கட்டியது. அப்பாவை மிஞ்சக்கூடாது என்ற பணிவினால் மகன் உயரத்தைக் குறைத்தான் என்று வழிகாட்டிகள் கதை சொல்வார்கள். எங்கள் மகன் அதைக் கேட்டு, "பாத்தியாடா, அப்பாவுக்கு எவ்வளவு மரியாதை!" என்றான். பெரியவன் நிமிர்ந்து விமானத்தையும், பக்கத்தில் நின்ற தன் தந்தையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நீ தாத்தாவ விட உயரம்தானே?" என்றான்.

வடக்குப் படிக்கட்டின் அருகே சண்டேச அனுக்கிரக மூர்த்தி. சிவபெருமான் உமையுடன் அமர்ந்து, காலடியில் பணிந்திருக்கும் சண்டேசரின் தலையில் பூமாலையைச் சுற்றும் சிற்பம். ராஜேந்திரனுக்கே இறைவன் முடிசூட்டுவதாக இதைக் காணும் அறிஞர்களும் உண்டு. எங்களில் ஆசிரியையாக இருந்தவர் வகுப்பெடுக்கத் தொடங்கினார். மாடு மேய்க்கும் சிறுவன், மணலில் இலிங்கம் பிடித்துப் பாலை ஊற்றினான், ஊரார் அவன் தந்தையிடம் கோள் சொன்னார்கள், தந்தை வந்து பாற்குடத்தைக் காலால் உதைத்தார் என்பது வரை கதை அருமையாகப் போயிற்று. அதற்கு அடுத்த கட்டத்தில் மகன் கோடரியை எடுக்க வேண்டும். கேட்டுக்கொண்டிருப்பவன் ஏழு வயது. அவன் தோளில் கைபோட்டபடி நிற்பவர் அவன் தந்தை. முப்பது ஆண்டுகள் எட்டாம் வகுப்புக்குப் பெரியபுராணம் நடத்தியவர் அந்த இடத்தில் இருமத் தொடங்கினார். "அப்புறம்?" "அப்புறம் சாமி வந்து பூ சுத்திட்டாரு." "பால் உதைச்ச அப்பாவுக்கு?" "அவருக்கும் நல்லதுதான் ஆச்சு." அது பொய்யன்று, புராணமும் அப்படித்தான் முடிகிறது. நடுவில் சில அடிகளை விட்டுவிட்டோம், அவ்வளவே.

இதற்குள் சின்னவள் அந்தச் சிற்பத்தின் கீழே போய்த் தலையைக் குனிந்து நின்றுகொண்டாள். "எனக்கும் பூ" என்றாள். வாயிலில் வாங்கியிருந்த டிசம்பர் பூச் சரம் பாட்டியின் கைப்பையில் இருந்தது. அவளுக்கு மெல்லிய முடி. ஊசி குத்தினாலும் நழுவும். சரத்தைத் தலையைச் சுற்றி ஒரு வளையமாக வைத்துப் பின்னால் முடிந்தோம். நாளை இந்நேரம் இந்த முடி இருக்காது என்ற நினைப்பு எங்களுக்கு வந்தது. மருமகளுக்கும் வந்திருக்க வேண்டும். அவள் பன்னிரண்டு புகைப்படம் எடுத்தாள். பத்து நிமிடம் என்று யாரும் இப்போது பேசவில்லை. மகன் உறவினர் வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு வந்து புல்லில் உட்கார்ந்துவிட்டான்.

சிங்கக் கிணறு குழந்தைகளுக்கு மிகவும் பிடித்தது. சுதையாலான பெரிய சிங்கம். அதன் உடலுக்குள் நுழைந்து படியிறங்கித் தண்ணீருக்குப் போகும்படி அமைப்பு. வெளியே நின்றே பார்த்தோம். கங்கைக்குப் படை அனுப்பி அங்கிருந்து தண்ணீர் கொண்டுவரச் செய்தவன் ராஜேந்திரன். ஊரின் பெயரே அதனால்தான். அந்த நீரை இந்தக் கிணற்றில் ஊற்றியதாகவும் கதை உண்டு. ஊருக்கு மேற்கே வெட்டிய சோழகங்கம் என்ற பேரேரியை நீரால் எழுப்பிய வெற்றித்தூணாகவே திருவாலங்காட்டுச் செப்பேடு கருதுகிறது. "போருக்குப் போய்த் தண்ணி கொண்டுவந்தாங்களா? தங்கம் கொண்டுவரலையா?" என்றான் பெரியவன். அதுவும் கொண்டுவந்திருப்பார்கள். ஆனால் பெயரில் வைத்துக்கொண்டது தண்ணீரைத்தான்.

கிழக்கு வாயில் பக்கம் வந்தபோதுதான் அவன் நின்றான். அங்கே கோபுரம் மேலே இல்லாமல் சிதைந்து நிற்கிறது. சுற்றிலும் இருந்த திருச்சுற்று மாளிகையின் பெரும்பகுதி இல்லை. சில இடங்களில் அடித்தளம் மட்டும் ஒரு கோடு போல ஓடுகிறது. கோயிலோடு ஒட்டாத கற்கள் ஆங்காங்கே கிடக்கின்றன. விமானம் முழுசாக இருக்கிறது, இது மட்டும் ஏன் இப்படி என்பது ஒரு குழந்தைக்கு உடனே தெரிந்துவிடுகிறது. "இத யார் தாத்தா உடைச்சது?"

இந்தக் கட்டுரை முழுவதும் 'நாங்கள்' என்றே எழுதிவருகிறோம். நாற்பத்தைந்து ஆண்டுகள் ஒன்றாக இருந்தவர்களுக்கு அது எளிது. ஆனால் அந்த இடத்தில், அந்தக் கேள்விக்கு, நாங்கள் இரண்டு பேராகிவிட்டோம்.

"வெள்ளைக்காரங்க காலத்துல இடிச்சு எடுத்துட்டுப் போயிட்டாங்க" என்றார் ஆசிரியை.

"அணை கட்டறதுக்கு எடுத்தாங்க" என்றார் பொறியாளர்.

இரண்டும் உண்மை. நடந்தது இது. கொள்ளிடம் காவிரியை விடத் தாழ்ந்த படுகை. விட்டுவிட்டால் தண்ணீர் அதன் வழியே போய்க் கடலில் சேரும், காவிரி வறண்டுபோகும். அதைத் தடுக்க ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணையைக் கட்டினார். அப்படித் தடுத்தால் கொள்ளிடத்தின் கடைப்பகுதியில் இருக்கும் நிலங்களுக்குத் தண்ணீர் இராது. அதற்காக அதே காலத்தில், 1836-இல், அணைக்கரையில் கீழணை. இன்று வடவாற்றின் வழியாக வீராணத்தை நிரப்புவதும், சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கத்து வயல்களுக்குப் பாய்வதும் அங்கே தேங்கும் நீர்தான். தேங்குவது ஒன்பதடி உயரம். அதற்குக் கல் வேண்டியிருந்தது. வண்டல் மண் பூமியில் கல் ஏது? பக்கத்தில் ஆளரவமற்றுக் கிடந்த ஒரு பழைய தலைநகரில் செதுக்கிய கல் அடுக்கி வைத்ததுபோல இருந்தது. மதிலையும் மாளிகையையும் பெயர்த்து வண்டிகளில் ஏற்றினார்கள். ஊர் மக்கள் தடுத்தார்கள் என்றும், தடுத்தவர்கள் தண்டிக்கப்பட்டார்கள் என்றும், கல்மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாக அரசு சொன்ன வாக்கு நிறைவேற்றப்படவில்லை என்றும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் எழுதப்பட்ட ஆங்கிலக் குறிப்பு ஒன்றே வருத்தத்துடன் சொல்கிறது.

இதையெல்லாம் குழந்தைக்கு விளங்கும் அளவில் சொன்னோம். ஒருவர் ஒரு வாக்கியம், மற்றவர் அதைத் திருத்தி ஒரு வாக்கியம் என்று சொன்னோம். அவன் கேட்டான்: "அணை நல்லதா கெட்டதா?"

"நல்லது" என்றார் பொறியாளர். தயங்கவே இல்லை. அவர் அந்த அணையின் மதகுகளை வெள்ளக் காலத்தில் இரவெல்லாம் விழித்திருந்து ஏற்றி இறக்கியவர். கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்த அன்று, வாய்க்கால் கரையில் விவசாயிகள் சூடம் ஏற்றியதைப் பார்த்தவர். "காலைல ஒரு ஏரி பாத்தமே? அந்தத் தண்ணி இந்த அணைலேர்ந்துதான் போகுது."

"அப்ப நம்ம வீட்டுத் தண்ணியா?"

"அதேதான்."

"அப்ப உடைச்சது நல்லதா?"

ஆசிரியை, "இல்லை" என்றார். அவரும் தயங்கவில்லை. "கல்லு வேற எங்கயாவது எடுத்திருக்கலாம். எடுக்காதீங்கன்னு ஜனங்க அழுதாங்களே."

நாற்பதாண்டுகளுக்கு முன்பு அணைக்கரைக் குடியிருப்பில் இதே வாக்குவாதம் எங்களுக்குள் நடந்ததுண்டு. அப்போது அது ஒரு கருத்து வேறுபாடு; இரவுச் சாப்பாட்டோடு முடிந்துவிடும். இப்போது நடுவில் ஒருவன் நின்று இருவர் முகத்தையும் பார்க்கிறான், யார் பக்கம் போவது என்று. வீட்டிலுள்ள பெரியவர்கள் ஒரு விஷயத்தில் இரண்டு விதமாக நினைக்கலாம் என்பதே அவனுக்குப் புதிது. சண்டையோ என்று அஞ்சுகிறான். தாத்தாவின் விரல் ஒன்றையும் பாட்டியின் விரல் ஒன்றையும் பிடித்துக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்துச் சின்னவள் கையில் ஒரு கல்லோடு வந்தாள். கல் என்றால் எலுமிச்சை அளவு, ஒரு பக்கம் மட்டும் சற்று வழவழப்பு. மதிலைச் சேர்ந்ததோ, பாதை போட்டபோது கொட்டிய சல்லியோ, யாருக்குத் தெரியும்! "எனக்கு" என்றாள். வீட்டுக்கு எடுத்துப் போகவாம். பாட்டி, அதை எடுத்த இடத்திலேயே வைத்துவிடச் சொன்னார். அவள் மறுத்தாள். மெதுவாக விரல்களைப் பிரித்து வாங்கி வைத்தபோது, புல்லில் விழுந்து புரண்டு அழத் தொடங்கினாள். பூச்சரம் அவிழ்ந்து கண்ணை மறைத்தது.

பெரியவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "அவங்க அவ்வளவு கல்லு எடுத்துட்டுப் போனாங்க. பாப்பா ஒண்ணே ஒண்ணு எடுக்கக்கூடாதா?"

மருமகள்தான் வாயைத் திறந்தாள். "அந்தக் கல்லுக்கு வீடு இதுதான்டா. வீட்ட விட்டு எடுத்துட்டுப் போகலாமா?"

"அணைல இருக்கற கல்லுக்கு?"

அவளும் எங்களைப் பார்த்தாள். நாங்கள் இருவரும் விமானத்தைப் பார்த்தோம்.

வெளியே மரத்தடியில் ஓர் அம்மாள் கொய்யாவும் நெல்லிக்காயும் கூறு வைத்து விற்றுக்கொண்டிருந்தார். யாரும் எதுவும் சாப்பிடக்கூடாது என்ற காலை உத்தரவை மருமகளே தளர்த்தினாள். அழுகை நிற்பதற்கு ஒரு கொய்யா தேவைப்பட்டது. உப்பும் மிளகாய்த்தூளும் தடவியது பெரியவனுக்கு, வெறும் பழம் சின்னவளுக்கு. குழந்தை ஏன் அழுகிறது என்று கேட்டார். சொன்னோம். அவர் பெரிதாகச் சிரித்துவிட்டார்.

"கல்லா? அட ஏங்க! மாளிகமேட்டுல ராசா அரமன இருந்துச்சுல்ல, அந்தச் செங்கல்லத் தோண்டி எடுத்துத்தான் அந்தக் காலத்துல ஊருல பாதிப் பேரு ஊடு கட்டுனாங்க. எங்க மாமனாரு ஊட்டுச் சொவுரு அதுலதான் நின்னுச்சு. நல்ல கல்லுங்க. எடிக்கறப்போகூட ஒண்ணு ஒடையல."

ஊருக்கு வெளியே இருக்கும் மாளிகைமேடு 1980-க்குப் பிறகு தொல்லியல் துறையினர் அகழ்ந்து அரண்மனைச் சுவர்களை வெளிக்கொணர்ந்த இடம். அங்கிருந்து ஊரார் செங்கல் எடுத்துவந்தார்கள் என்பதை நாங்கள் படித்திருக்கிறோம். எடுத்தவர் வீட்டு மருமகள் வாயால் கேட்பது இதுவே முதல் முறை. அவர் குரலில் திருட்டின் கூச்சமும் இல்லை, பெருமையும் இல்லை. ஒரு நல்ல பொருளைப் பற்றிய மதிப்பு மட்டும் இருந்தது. ஆசிரியை தன் வெள்ளைக்காரனோடு சற்றுத் தனித்துவிடப்பட்டவராகக் காணப்பட்டார். "இவங்க குளிருக்கும் மழைக்கும் கட்டினாங்க" என்று பிறகு காரில் சொன்னார். "அவங்க பயிருக்குக் கட்டினாங்க" என்றார் பொறியாளர். "கேட்டவங்கள அடிச்சுட்டுக் கட்டினாங்க" என்று மீண்டும் ஆசிரியை. அதற்குப் பொறியாளரிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை.

ஒன்றரை மணிக்குக் கிளம்பினோம். சின்னவள் ஏறியவுடன் உறங்கிவிட்டாள். விக்கிரவாண்டி–தஞ்சாவூர் சாலையை நான்கு வழியாக அகலமாக்கும் வேலை இந்தப் பகுதியில் ஆண்டுக்கணக்கில் நீண்டது. அந்தப் புழுதியெல்லாம் நினைவுக்கு வந்தது. பழைய அணைப்பாலத்தருகே ஓரிடத்தில் மகன் தானாகவே வண்டியை ஓரங்கட்டினான். எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. "இங்கதான்டா அப்பா நடக்கக் கத்துக்கிட்டேன்" என்று பெரியவனை இறக்கி அழைத்துப் போனான். நாங்களும் இறங்கினோம்.

தண்ணீர் விளிம்பு வரை நின்றது. மதகுகளுக்குக் கீழே வெள்ளையாக நுரைத்துப் போயிற்று. கொக்குகள் வரிசையாக நின்றன. பழைய குடியிருப்பு எந்தப் பக்கம் என்று மகனுக்கு அடையாளம் தெரியவில்லை. தாத்தா கை நீட்டிக் காட்டினார். பெரியவன் கைப்பிடிச் சுவர் வழியாகக் குனிந்து அடியில் தேடிக்கொண்டிருந்தான். சிங்கமோ பூதமோ செதுக்கிய கல் ஏதாவது தெரியும் என்ற எண்ணம். தெரியவில்லை, அடித்தளம் தண்ணீருக்குள் இருக்கிறது.

"அப்பா, நீயும் எஞ்சினியர்தானே? நீயா இருந்தா எடுப்பியா?"

"நான் சாஃப்ட்வேர் எஞ்சினியர்டா" என்றான் மகன். எல்லோரும் சிரித்தோம். அவன் மட்டும் சிரிக்கவில்லை. விடைக்காகக் காத்திருந்தான். மகன் சற்று நேரம் தண்ணீரைப் பார்த்துவிட்டு, "தெரியலடா. மொதல்ல அந்த ஊர்க்காரங்ககிட்ட கேட்டிருப்பேன்" என்றான்.

"அவங்க வேணாம்னா?"

"அதான் தெரியல."

பெரியவன் அதை ஏற்றுக்கொண்டானா என்று தெரியவில்லை. ஆனால் அவனுக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. காரில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகு கேட்டான்: "தாத்தா, அந்தச் செங்கல் சுவர் கட்டித் தரேன்னு பிராமிஸ் பண்ணாங்கல்ல, அத எப்போ கட்டுவாங்க?"

அது கிட்டத்தட்ட 190 ஆண்டுகளுக்கு முந்தைய வாக்கு, கொடுத்த அரசே போய்விட்டது என்று சொன்னோம். "அரசாங்கம் போனா ஆபீஸும் போயிடுமா? தாத்தா வேல பாத்த ஆபீஸ் இருக்குல்ல?" என்றான். முப்பத்தோராண்டு பணியில் எத்தனையோ கோப்புகளைப் பார்த்தவர், இப்படி ஒரு கோப்பு தன் மேசைக்கு வந்ததில்லை என்றார். "யார் மேசையில இருக்கும்?" என்றான் அவன். தாத்தா யோசிக்கத் தொடங்கினார். அவர் உண்மையாகவே, எந்தக் கோட்டம், எந்தப் பிரிவு என்று யோசித்துக்கொண்டிருந்தார். கும்பகோணம் வந்து சேரும்போது மணி மூன்றாகியிருந்தது.